மெயில்மேன் 3 விமர்சனம்: திறமூலத் திட்டத்துக்கென்று ஒரு மடற்குழு, சொந்த சர்வரில்

மடற்குழு (மெயிலிங் லிஸ்ட்) நடத்த குனு மெயில்மேன் 3 நல்ல மென்பொருள். ஆனால் அதை நிறுவி முடிப்பது மொத்த வேலையில் கால்வாசிதான். மீதி முக்கால்வாசியும் உங்கள் சர்வரிலிருந்து கிளம்பும் மடல் அடுத்தவர் ஸ்பேம் பெட்டிக்குள் விழாமல் பார்த்துக்கொள்வதில் போகும். அதற்குப் பொறுப்பேற்க ஒரு ஆள் இருக்கும் திட்டங்களுக்குத்தான் இதைத் தயங்காமல் பரிந்துரைக்க முடியும். ஆள் இல்லாதவர்கள் கடைசிப் பகுதியில் வரும் மாற்றுகளுக்கு நேரே போய்விடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிட்ஹப்பில் இஷ்யூ பக்கம் இருக்கிறது, டிஸ்கார்டில் அரட்டை நடக்கிறது, பிறகு மடற்குழு எதற்கு? ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பதைப் பல வருடம் கழித்துத் தேடுபவருக்கு அது கிடைக்க வேண்டும். எந்த நிறுவனத்திலும் கணக்குத் திறக்காமல் ஒருவர் பேச முடிய வேண்டும். புதிய பதிப்பு வந்த செய்தி லினக்ஸ் வழங்கல்களில் உங்கள் மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும். பாதுகாப்புக் குறைபாட்டை ரகசியமாகச் சொல்ல ஒரு முகவரி வேண்டும். இந்த நான்கும் தேவைப்படாத சிறு திட்டத்துக்கு மடற்குழு வீண் சுமை.

மெயில்மேனை 1990-களில் ஜான் வியேகா தொடங்கினார், பிறகு பாரி வார்சா முன்னின்று வளர்த்தார். 2002 கடைசியில் வந்த 2.1 வரிசை இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. ஆனால் அது பைதான் 2-இல் எழுதப்பட்டது. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது, டெபியன் 11-இல் மெயில்மேன் 2 தொகுப்பே இல்லை. புதிதாகத் தொடங்குபவர் 2.1 பக்கம் போகவே வேண்டாம். 2015 ஏப்ரலில் வெளியான 3.0 முழுக்க மாற்றி எழுதப்பட்டது. ஒற்றை நிரலாக இருந்தது இப்போது மூன்றாகப் பிரிந்திருக்கிறது. மடலை வாங்கி விநியோகிப்பது கோர். உறுப்பினர்களும் நிர்வாகிகளும் பார்க்கும் வலைத்தளம் போஸ்டோரியஸ். பழைய மடல்களைச் சேர்த்துவைத்துக் காட்டுவது ஹைப்பர்கிட்டி. பின்னவை இரண்டும் ஜாங்கோ என்ற பைதான் வலைச் சட்டகத்தில் எழுதப்பட்டவை. மற்ற இரண்டும் கோரோடு பேசும் ரெஸ்ட் இடைமுகம் 8001 போர்ட்டிலும், மடல் சர்வர் நிரலான போஸ்ட்ஃபிக்ஸ் மடலைக் கொண்டுவந்து கொடுக்கும் எல்எம்டிபி வாசல் 8024 போர்ட்டிலும் இருக்கும். இந்த இரண்டு எண்களை மனதில் வைத்திருந்தால் பிழை தேடுவது பாதி சுலபம்.

சர்வர் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது டொமைன். திட்டத்தின் பெயரில் உள்ள டொமைனில் 'லிஸ்ட்ஸ்' என்று ஒரு துணை டொமைன் எடுத்து, அதற்கென்று தனி எம்எக்ஸ் பதிவு (மடல் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்ற டிஎன்எஸ் குறிப்பு) போடுங்கள். முதன்மை டொமைனின் மடல் வேறு சேவையில் இருந்தாலும் இரண்டும் மோதாது, ஒன்றின் நற்பெயர் கெட்டாலும் மற்றதை அவ்வளவாகத் தொடாது. அடுத்தவர் டொமைனில் குழு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மடற்குழு ஐஐடி மெட்ராஸின் ஒரு துறை சர்வர் முகவரியில் இயங்கிவந்தது, பின்னாளில் ஃப்ரீலிஸ்ட்ஸ் சேவைக்கு இடம் மாறியது. இப்படி மாறும்போது உறுப்பினர்களின் முகவரிப் புத்தகம், வடிகட்டிகள், பழைய மடல்களைச் சுட்டும் இணைப்புகள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிடும். டொமைன் சொந்தமாக இருந்தால் பின்னணியில் மென்பொருளை எத்தனை முறை மாற்றினாலும் முகவரி மாறாது.

அடுத்தது, சர்வர்கள் தங்களுக்குள் மடல் பரிமாறும் 25-ஆம் போர்ட். கூகுள் கிளவுடில் வெளியே போகும் 25 அடைக்கப்பட்டே இருக்கும். அமேசான் ஈசி2-இல் விண்ணப்பித்துத் திறக்க வேண்டும். டிஜிட்டல் ஓஷன், ஹெட்ஸ்னர் போன்ற இடங்களிலும் புதுக் கணக்குகளுக்கு அடைப்பு உண்டு. பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐபி முகவரிக்கு எதிர்த்திசை டிஎன்எஸ் பெயர் (ஐபியை வைத்துத் தேடினால் கிடைக்கும் பெயர்) வைக்க அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தப் பெயரும் போஸ்ட்ஃபிக்ஸ் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐபிவி6 முகவரிக்கு இந்தப் பெயரை வைக்க மறந்துவிட்டு, ஜிமெயில் மட்டும் மடலைத் திருப்பி அனுப்புகிறதே என்று விழிப்பது வழக்கமான காட்சி. பெயர் வைக்க முடியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-இல் மட்டும் பேசவிடுங்கள். நினைவகம் 2 ஜிபி வேண்டும். கோர் வரிசைக்கு ஒன்றாக மொத்தம் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஓட்டிகளை (பின்னணி நிரல்களை) கிளப்புகிறது, அதற்கு மேல் ஜாங்கோ, தரவுத்தளம். 1 ஜிபியில் ஓடும், ஆனால் தேடல் அட்டவணை புதுப்பிக்கப்படும் நேரத்தில் மூச்சுமுட்டும்.

நிறுவ மூன்று வழிகள் உண்டு: டெபியனின் முழுத் தொகுப்பு, டாக்கர் பிம்பங்கள், பைதான் மெய்நிகர்ச் சூழலில் கையால் நிறுவுவது. ஒரே ஆள் பராமரிக்கும் இடத்தில் டெபியன் தொகுப்புதான் என் தேர்வு. குறித்த நேரத்தில் ஓட வேண்டிய பணிகளையும் அதுவே அமைத்துவிடும். நிறுவும்போது தரவுத்தளம் எது என்று கேட்டால் போஸ்ட்கிரெஸ் என்று சொல்லுங்கள். எஸ்கியூலைட் சோதித்துப் பார்க்கப் போதும், ஆனால் மடல் வரத்து கூடினால் ஒரே நேரத்தில் பலர் எழுத முயன்று பூட்டிக்கொள்ளும். டாக்கரை எடுப்பவர்கள், ஹைப்பர்கிட்டியின் ரகசியச் சாவி கோர் பெட்டியிலும் (கன்டெய்னர்) வலைப் பெட்டியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால் மடல் எல்லோருக்கும் போகும், காப்பகம் மட்டும் காலியாக இருக்கும். நல்ல வேளையாக மடல்கள் தொலைவதில்லை. கோரின் காப்பகக் கோப்புறையில் ஒரு ஸ்பூலில் காத்திருந்து, சாவி சரியானதும் உள்ளே போய்விடும். எந்த வழியில் நிறுவினாலும் ரெஸ்ட் இடைமுகத்தின் இயல்புக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அது ஆவணத்திலேயே அச்சாகியிருக்கிறது, ஊருக்கே தெரியும்.

போஸ்ட்ஃபிக்ஸோடு இணைக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். குழுவை உருவாக்கியதும் கோர் இரண்டு அட்டவணைகளை எழுதும். எந்த முகவரி எல்எம்டிபி வாசலுக்குப் போக வேண்டும் என்பது ஒன்று, எந்த டொமைன்கள் தன்னுடையவை என்பது இன்னொன்று. முதல் அட்டவணையைப் போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்புகளான டிரான்ஸ்போர்ட் மேப்ஸ், லோக்கல் ரெசிபியன்ட் மேப்ஸ் இரண்டிலும், இரண்டாவதை ரிலே டொமைன்ஸிலும் சேர்க்க வேண்டும். லோக்கல் ரெசிபியன்ட் மேப்ஸில் இதை மட்டும் எழுதிவிட்டு, ஏற்கெனவே இருந்த பயனர் பட்டியலையும் மாற்றுப்பெயர்ப் பட்டியலையும் விட்டுவிட்டால், சர்வரின் சொந்தப் பயனர்களுக்கு வரும் மடல் 'பயனர் இல்லை' என்று திரும்பிவிடும். 'ஓனர் ரிக்வெஸ்ட் ஸ்பெஷல்' என்ற அமைப்பை 'நோ' என்று வைப்பதும் கட்டாயம். இல்லாவிட்டால் குழுப் பெயரோடு 'ஓனர்', 'ரிக்வெஸ்ட்' சேர்ந்த முகவரிகளைப் போஸ்ட்ஃபிக்ஸ் தன் பழைய வழக்கப்படி தனியாகக் கையாளும். அவை மெயில்மேனின் நிர்வாக முகவரிகள் என்பது அதற்குத் தெரியாது. குழு உருவாகியும் முகவரி வேலை செய்யாவிட்டால் மெயில்மேனின் 'அலையஸஸ்' கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள், அட்டவணைகள் மீண்டும் எழுதப்படும்.

ஜாங்கோ பக்கம் ஒரே ஒரு இடறல் கல். ஜாங்கோவின் 'சைட்ஸ்' பகுதியில் இயல்பாக எக்ஸாம்பிள்.காம் என்று இருக்கும். அதைத் திருத்தாமல் விட்டால் கணக்கை உறுதிசெய்யும் மடலில் உங்கள் தளத்தின் பெயருக்குப் பதில் அதுவே வரும். கியூ கிளஸ்டர் என்ற பின்னணிச் சேவை ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். அது நின்றுபோனால் காப்பகப் பக்கங்களின் எண்ணிக்கைகளும் இழைகளும் (ஒரு மடலும் அதற்கு வந்த பதில்களும்) பழைய நிலையிலேயே உறைந்து நிற்கும்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வரலாம். மடற்குழு செய்யும் வேலையே, ஒருவர் எழுதிய மடலை இன்னொரு சர்வர் அவர் பெயரிலேயே பலருக்கு அனுப்புவது. மடல் மோசடியைத் தடுக்க வந்த டிமார்க் விதி பிடிக்க முயல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். 2014 ஏப்ரலில் யாகூ தன் டொமைனுக்கு 'பொருந்தாததை நிராகரி' என்ற கொள்கையை அறிவித்தது, அதே மாதம் ஏஓஎல்லும் பின்தொடர்ந்தது. அன்றைக்கு யாகூ முகவரியிலிருந்து குழுவுக்கு வந்த மடல்கள் ஜிமெயில், ஹாட்மெயில் உறுப்பினர்களிடமிருந்து திரும்பி வந்தன. அதைவிட மோசம், திரும்பியவற்றைக் கணக்கெடுத்த மடற்குழு மென்பொருள்கள் குற்றமே செய்யாத அந்த உறுப்பினர்களைத் தானாக முடக்கிவிட்டன.

டிமார்க் தேறுவதற்கு எஸ்பிஎஃப் (எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று டொமைன் வெளியிடும் பட்டியல்) அல்லது டிகிம் (டொமைன் மடலில் இடும் மின்கையெழுத்து), இரண்டில் ஒன்றாவது எழுதியவரின் டொமைனோடு பொருந்த வேண்டும். குழு வழியாகப் போகும்போது அனுப்பும் சர்வர் மாறிவிடுவதால் எஸ்பிஎஃப் பொருத்தத்துக்கு வழியில்லை. மிஞ்சுவது டிகிம் கையெழுத்து. மடலின் பொருள் வரியில் குழுவின் பெயரைச் சதுர அடைப்புக்குள் சேர்த்தாலோ, அடியில் 'விலக இங்கே சொடுக்கவும்' என்று இரண்டு வரி ஒட்டினாலோ அந்தக் கையெழுத்தும் செல்லாது. ஆகவே உங்கள் முன் இரண்டு வழிகள்தான்.

முதல் வழி, மடலைத் தொடவே தொடாதீர்கள். பொருள் வரி முன்னொட்டைக் காலியாக வையுங்கள். அடிக்குறிப்புக்கு மெயில்மேன் இயல்பாகவே ஒரு வார்ப்புரு வைத்திருக்கிறது, அதை நீக்க அந்தக் குழுவின் வார்ப்புருக் கோப்புறையில் அதே பெயரில் காலிக் கோப்பு ஒன்று வைத்தால் போதும். போஸ்ட்கிரெஸ் திட்டம் 2017-இல் மேஜர்டோமோ 2 என்ற மடற்குழு மென்பொருளை விட்டுத் தானே எழுதிய பிஜிலிஸ்டருக்கு மாறியபோது இந்த வழியைத்தான் எடுத்தது. அதுவரை பொருள் வரியில் வந்துகொண்டிருந்த குழுப் பெயர் நின்றுபோனது. வடிகட்டிக்குப் பொருள் வரியை நம்பியிருந்தவர்கள் முணுமுணுப்பார்கள். குழுவின் அடையாளத் தலைப்பான 'லிஸ்ட் ஐடி'யை வைத்து வடிகட்டச் சொல்லிக் கொடுங்கள். அது 2001-இலேயே தரப்படுத்தப்பட்டது, எல்லா மடல் நிரலுக்கும் தெரியும்.

இரண்டாவது வழி, அனுப்புநர் வரியை மாற்றுவது. மெயில்மேனில் இதன் பெயர் 'மஞ்ச் ஃப்ரம்'. அனுப்புநர் முகவரி குழுவுடையதாகிவிடும், எழுதியவரின் பெயர் 'வயா' என்ற சொல்லோடு நிற்கும், அவர் முகவரி பதில் வரிக்குப் போகும். டிமார்க் தடுப்பு இயல்பாக அணைந்தே இருக்கும், நீங்கள்தான் போட வேண்டும். போட்ட பிறகு 'எல்லா மடலுக்கும்' என்ற தேர்வை விட்டுவிட்டால், கடுமையான டிமார்க் கொள்கை உள்ள டொமைன்களிலிருந்து வருபவை மட்டும் மாற்றப்படும். பேச்சு மட்டும் நடக்கும் குழுவுக்கு இது போதுமானது.

ஆனால் நிரல் மாற்றங்களை கிட் பேட்ச்களாக மடலில் வாங்கும் திட்டம் இங்கே மாட்டிக்கொள்ளும். அந்த மடலைக் கமிட்டாக மாற்றும் கிட் ஏஎம் கட்டளை ஆசிரியர் பெயரை அனுப்புநர் வரியிலிருந்துதான் எடுக்கிறது. அது மாற்றப்பட்டிருந்தால் கமிட்டில் எழுதியவர் முகவரிக்குப் பதில் குழுவின் முகவரி ஏறிவிடும். கியூஎமு திட்டத்தில் இது இவ்வளவு நடந்ததால், அவர்களுடைய பேட்ச் சோதிக்கும் நிரலே இப்படிச் சிதைந்த ஆசிரியர் முகவரியைக் கண்டால் பிழை காட்டும். தப்பிக்க, பங்களிப்பவர்கள் கிட்டின் 'ஃபார்மேட் ஃபோர்ஸ் இன்பாடி ஃப்ரம்' அமைப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும், அப்போது மடல் உடலின் முதல் வரியிலும் ஆசிரியர் பெயர் இருக்கும். நூறு பேரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, பேட்ச் குழுவுக்கு முதல் வழியே மேல்.

எந்த வழியானாலும் குழு டொமைனுக்கென்று சொந்த டிகிம் கையெழுத்தும் எஸ்பிஎஃப் பதிவும் டிமார்க் பதிவும் வேண்டும். கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து இதைக் கறாராகக் கேட்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புபவருக்கு மூன்றும் கட்டாயம், ஸ்பேம் என்று புகாரளிக்கப்படும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. 5,000 என்பது பெரிய எண்ணாகத் தெரியலாம். ஜிமெயில் உறுப்பினர்கள் 1,000 பேர் உள்ள குழுவில் ஒரு நாளைக்கு ஐந்து மடல் வந்தால் எட்டிவிடும். சரிபார்க்க, சோதனை மடலை ஜிமெயிலில் திறந்து மூல வடிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றுக்கும் 'பாஸ்' என்று இருக்க வேண்டும். சோதனையை வேறு சேவையின் முகவரியிலிருந்து அனுப்புங்கள். ஜிமெயிலிலிருந்து அனுப்பியவருக்குத் தன் மடல் குழு வழியாகத் திரும்பி வருவது தெரியாது. ஒரே மடல் அடையாளம் என்பதால் ஜிமெயில் அதை மறைத்துவிடும். 'நான் அனுப்பிய மடல் வரவே இல்லை' என்ற புகாரில் பெரும்பங்கு இதுதான், சர்வரில் எதையும் நோண்ட வேண்டாம்.

இயல்பு அமைப்புகளில் இரண்டு, திறமூலத் திட்டத்துக்குப் பொருந்தாதவை. ஒரு மடலின் உச்ச அளவு 40 கேபி. பிழைப் பதிவை ஒட்டினாலே தாண்டிவிடும். தமிழில் எழுதினால் இன்னும் சீக்கிரம் தாண்டும். யூடிஎஃப் 8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், அதைக் கோட்டட் பிரின்டபிள் முறையில் அனுப்பும் மடல் நிரலில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகி மொத்தம் ஒன்பது ஆகிறது. ஏறத்தாழ 4,500 குறியீடுகளில் கதை முடிந்தது, அதே உள்ளடக்கம் ஹெச்டிஎம்எல் வடிவிலும் சேர்ந்து வந்தால் அதில் பாதிகூடக் கிடையாது. 500 கேபி என்று உயர்த்திவிடுங்கள். இரண்டாவது, பெறுநர் எண்ணிக்கை. ஒரு மடலில் பெறுநர் பட்டியல் பத்தைத் தொட்டாலே அது மட்டுறுத்தலுக்கு (நிர்வாகி பார்த்து அனுமதிப்பதற்கு) நிறுத்தப்படும். நிரல் பராமரிப்பாளர்கள் எல்லோருக்கும் நகல் போடும் பழக்கமுள்ள திட்டத்தில் இது தினசரித் தொல்லை. பதில் வரியைக் குழுவுக்குத் திருப்பும் அமைப்பை மட்டும் தொடாமல் விடுங்கள். தனியாக ஒருவருக்கு எழுத நினைத்தது ஊர் முழுக்கப் போய்ச் சேரும் விபத்துகள் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

மட்டுறுத்தலில் மெயில்மேன் 3 பழையதைவிடத் தெளிவு. புது உறுப்பினர்களின் மடலை நிறுத்திவைத்து, முதல் மடல் ஒழுங்காக இருந்தால் விடுவிப்பது ஸ்பேம் கணக்குகளுக்கு எதிராக நன்றாக வேலை செய்கிறது. விடுவிக்கும்போது 'டிஃபர்' என்று வையுங்கள், 'ஆக்செப்ட்' வேண்டாம். 'டிஃபர்' என்றால் அளவு, தலைப்பு போன்ற மற்றச் சோதனைகள் தொடரும், 'ஆக்செப்ட்' அவற்றையெல்லாம் தாண்டிவிடும். உறுப்பினர் அல்லாதவர்களின் மடல் இயல்பாக நிறுத்தப்படும், அதை அப்படியே விடலாம். பிழை சொல்ல வரும் வெளியாளை உறுப்பினராகு என்று துரத்துவது நல்லதல்ல. நிறுத்தப்பட்டவை பற்றி நிர்வாகிகளுக்குத் தினமும் நினைவூட்ட ஒரு 'நோட்டிஃபை' பணி ஓட வேண்டும். கையால் நிறுவியவர்கள் இதையும், பல மடல்களை ஒன்றாக்கி அனுப்பும் 'டைஜஸ்ட்' பணியையும் நேரம் பார்த்துப் பணிகளை ஓட்டும் கிரானில் சேர்க்க மறந்தால், மடல்கள் கேட்பாரற்றுக் கிடக்கும்.

எத்தனை குழு? அறிவிப்புக்கு ஒன்று, மேம்பாட்டுக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று. பயனர் குழு, மொழிபெயர்ப்புக் குழு என்று முதல் நாளே ஏழெட்டுத் திறந்தால் ஒவ்வொன்றிலும் அமைதிதான் நிலவும். அறிவிப்புக் குழுவில் எல்லோருடைய மடலையும் நிறுத்திவைத்து, வெளியீட்டாளர்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். பாதுகாப்புக் குழுவின் காப்பகத்தைத் 'தனிப்பட்டது' என்று உருவாக்கும்போதே குறியுங்கள்.

காப்பகம் மெயில்மேன் 3-இன் பலம். ஒவ்வொரு மடலுக்கும் அதன் அடையாளத்திலிருந்து கணக்கிடப்பட்ட நிலையான முகவரி உண்டு, அது மடலின் தலைப்பிலேயே வந்துவிடும். கமிட் குறிப்பில் அந்த இணைப்பைப் போட்டால் அந்த மாற்றத்தின் விவாதம் என்றைக்கும் கிடைக்கும். இழையையோ மாதத்தையோ மொத்தமாக எம்பாக்ஸ் வடிவில் (பல மடல்கள் ஒரே கோப்பில்) இறக்கிக்கொள்ளலாம். ஹைப்பர்கிட்டியின் தோற்றம் அழகு, வேகம் சுமார்.

தமிழில் பேசும் குழுக்களுக்கு இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஹைப்பர்கிட்டி இயல்பாகச் சொல்லும் தேடுபொறி ஊஷ். சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க அது பைதானின் வடிவப்பொருத்தியை நம்புகிறது. அதன் கணக்கில் எழுத்தும் எண்ணும்தான் சொல்லின் பகுதி. யூனிகோடில் துணைக்குறிகளாக வகைப்படுத்தப்பட்ட புள்ளி, கால், கொம்பு, கொக்கி எல்லாம் சொல்லை வெட்டும் கத்திகள். அதனால் 'தமிழ்' என்பது 'தம' என்றும் 'ழ' என்றும் துண்டாகிறது. ஒற்றை எழுத்துத் துண்டுகளை ஊஷ் எறிந்துவிடும். மிஞ்சும் 'தம'வைத் தேடினால் 'தம்பி'யும் 'தமையன்'னும் சேர்ந்து வருவார்கள். 'பிழை', 'கோப்பு' என்று தேடினால் எல்லாத் துண்டும் ஒற்றை எழுத்து, ஒன்றுமே அகப்படாது. மென்பொருள் குழுவில் 'பிழை'யைத் தேட முடியாவிட்டால் காப்பகம் இருந்து என்ன?

தீர்வு ஸேப்பியன் தேடுபொறி. அது துணைக்குறிகளையும் சொல்லின் பகுதியாகவே கொள்கிறது. ஸேப்பியனின் பைதான் இணைப்பை வழங்கலின் தொகுப்பிலிருந்து நிறுவி, அதை ஜாங்கோவோடு இணைக்கும் ஸேப்பியன் ஹேஸ்டேக்கைச் சேர்த்து, ஜாங்கோ அமைப்பில் ஹேஸ்டேக் இயந்திரத்தை மாற்றி, அட்டவணையை முழுதாகத் திரும்பக் கட்டுங்கள். மெய்நிகர்ச் சூழலில் நிறுவியிருந்தால் அந்தச் சூழலுக்கு சிஸ்டம் தொகுப்புகளைப் பார்க்கும் அனுமதி வேண்டும். வேற்றுமை உருபுகளை ஸேப்பியனும் பிரிக்காது, 'கோப்பில்' என்பதும் 'கோப்பு' என்பதும் அதற்கு வெவ்வேறு சொற்கள். என்றாலும் வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

2.1-இலிருந்து மாறுபவர்களுக்கு: குழு அமைப்புகளையும் உறுப்பினர்களையும் 'இம்போர்ட் 21' கட்டளை கொண்டுவந்துவிடும், கடவுச்சொற்கள் வரா. உறுப்பினர்கள் அதே மடல் முகவரியில் புதுக் கணக்கு திறந்தால் பழைய சந்தா அதில் ஒட்டிக்கொள்ளும். இதை முன்கூட்டியே அறிவியுங்கள். பழைய எம்பாக்ஸ் கோப்பை ஏற்றுவதற்கு முன் ஹைப்பர்கிட்டியோடு வரும் சோதனை நிரலை ஓட்டிப் பாருங்கள். மடல் உடலில் ஒரு வரி ஆங்கில 'ஃப்ரம்' என்று தொடங்கினால், தப்பிக்கும் குறி இல்லாத பழைய கோப்புகளில் அங்கே புது மடல் தொடங்குவதாக எண்ணி இரண்டாக வெட்டிவிடும். 2.1-இன் காப்பகமான பைப்பர்மெயில் உருவாக்கிய பழைய பக்கங்களை அழிக்காதீர்கள். அவை வெறும் ஹெச்டிஎம்எல், அதே முகவரியில் அப்படியே கிடக்கட்டும். எத்தனையோ இடங்களில் அவற்றுக்கு இணைப்பு இருக்கும்.

மாற்றுகள். பேட்ச்தான் உயிர் என்றால் குழு நடத்த எம்எல்எம்எம்ஜே, காப்பகத்துக்கு பப்ளிக் இன்பாக்ஸ் என்று இரண்டையும் சேர்த்து வையுங்கள். லினக்ஸ் கெர்னல் குழுக்கள் மேஜர்டோமோவை விட்டு வந்தது எம்எல்எம்எம்ஜேவுக்குத்தான், அவற்றின் காப்பகம் பப்ளிக் இன்பாக்ஸில் இருக்கிறது. எம்எல்எம்எம்ஜே சி மொழியில் எழுதப்பட்ட சிறு நிரல். உறுப்பினர் பட்டியல் வெறும் உரைக் கோப்பு, 512 எம்பி சர்வரில்கூட ஓடும். நிர்வாகத்துக்கு வலைப்பக்கம் வேண்டும் என்பவர்களுக்கு அது ஆகாது. ஓபன்சூசே 2020-இல் எதிர்த்திசையில், எம்எல்எம்எம்ஜேவிலிருந்து மெயில்மேன் 3-க்குப் போனது. இரண்டுமே சரியான முடிவுகள், தேவைகள்தான் வேறு. நிரல் களஞ்சியச் சேவையான சோர்ஸ்ஹட்டின் குழுக்கள் ஹெச்டிஎம்எல் மடலைத் திருப்பி அனுப்பிவிடும், மற்றபடி பேட்ச்களுக்கு அருமை. சர்வர் பார்க்க ஆளே இல்லை என்றால் குரூப்ஸ்.ஐஓ என்ற மடற்குழுச் சேவையைக் காசு கொடுத்து, சொந்த டொமைனில் வைத்து நடத்துங்கள். யாக்டோ திட்டத்தின் குழுக்கள் அங்கேதான் இருக்கின்றன. கூகுள் குரூப்ஸ் இலவசம், ஆனால் அதன் டொமைனில் திறந்த குழுவை முகவரியோடு வெளியே எடுத்துப்போக முடியாது. பேட்ச் இல்லை, பேச்சு மட்டும்தான் என்றால் டிஸ்கோர்ஸ் என்ற வலை மன்ற மென்பொருளும் ஆகும். பைதான் மேம்பாட்டாளர்கள் 2022-இல் அங்கே போய்விட்டார்கள்.

மெயில்மேனையே எடுத்தவர்கள், முதல் வாரத்திலேயே கோரில் 'ப்ரோட்டோடைப்' என்ற கூடுதல் காப்பகத்தையும் இயக்கிவிடுங்கள். வரும் ஒவ்வொரு மடலையும் அது மெயில்டிர் கோப்புறையில் தனிக் கோப்பாகப் போட்டு வைக்கும், ஜாங்கோவும் தரவுத்தளமும் படுத்துவிட்டாலும் மடல் இருக்கும். தரவுத்தளப் பிரதி, கோரின் 'வார்' கோப்புறை, அமைப்புக் கோப்புகள் மூன்றையும் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். நகலெடுத்ததை ஒருமுறை வெற்றுச் சர்வரில் ஏற்றிப் பாருங்கள். டொமைன் பதிவாளரின் கணக்கிலும் சர்வர் கணக்கிலும் குறைந்தது இரண்டு பேருக்கு நுழைவுரிமை இருக்கட்டும், இருவரும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களாக இருக்க வேண்டாம். புதுப்பித்தல் நினைவூட்டல் மடல் குழுவின் சொந்த டொமைனில் உள்ள முகவரிக்கு வரும்படி வைக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மடல் வந்து சேர வழியே இருக்காது.